அளந்து விற்பதன் கணக்கு: பீளமேட்டு மளிகைக் கடையும் நிலைத்த வணிகமும்

மளிகைக் கடையின் சுற்றுச்சூழல் கணக்கு பெரும்பாலும் பையிலிருந்தே எழுதப்படுகிறது. வாடிக்கையாளர் கையில் தெரிவது பை. சட்டம் முதலில் தொட்டதும் பை. கடைக்குள் அதைவிடப் பெரிய இழப்புகள் இரண்டு இருக்கின்றன: விற்காமல் கெட்டுப்போகும் சரக்கும், இரவும் பகலும் மின்சாரம் குடிக்கும் குளிர்பெட்டியும். பூர், நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி 2018-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உணவால் உண்டாகும் பசுங்குடில் வாயுக்களில் பொதிக்குச் சுமார் 5 விழுக்காடும் போக்குவரத்துக்குச் சுமார் 6 விழுக்காடும்தான் பங்கு என்பது அதிலிருந்து கிடைக்கும் கணக்கு. பெரும்பங்கு வயலிலும் தொழுவத்திலும் நேர்ந்து முடிந்துவிடுகிறது. ஒரு கிலோ துவரம்பருப்பு வண்டு விழுந்து குப்பைக்குப் போனால் அதற்காகச் செலவான நிலம், நீர், டீசல், சாக்கு அத்தனையும் சேர்ந்தே போகின்றன. முதலாளியே கல்லாவில் உட்காரும் சிறு கடையில் அந்த நட்டம் அவர் கைப்பணத்திலிருந்து கழியும். ஆகவே சூழலை நினைத்துச் செய்யாத பல காரியங்களும் அங்கே சூழலுக்கு உகந்தவையாக அமைந்துவிடுகின்றன.

கோவையின் அவிநாசி சாலையை ஒட்டிய பீளமேடு, மில் காலத்தையும் கல்லூரிக் காலத்தையும் அடுத்தடுத்துக் கண்ட பகுதி. பி.எஸ்.ஜி. குடும்பத்தின் சர்வஜன உயர்நிலைப் பள்ளி 1924-இல் தொடங்கியது. 1926-இல் அறநிலையம் அமைந்தது. 1951-இல் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. பின்னர் மருத்துவக் கல்லூரிகள், விமான நிலையத்தை ஒட்டிய வளர்ச்சி, தகவல் தொழில்நுட்ப அலுவலகங்கள். மளிகைக் கடையின் வாடிக்கையும் இதற்கேற்ப மாறியது. மில் தொழிலாளி வீட்டில் சம்பளம் வந்ததும் மளிகைச் சீட்டு எழுதி மாசச் சாமான் மொத்தமாக வாங்குவார்கள். விடுதி மாணவர்களும் வாடகை அறையில் தங்கிய இளைஞர்களும் நூறு கிராம் ரவை, கால் கிலோ சர்க்கரை, ஒரு பாக்கெட் பால் என்று அன்றன்றைக்கு வாங்குகிறார்கள். ஒரே கடை இந்த இரண்டு வகையினருக்கும் சரக்கு வைக்க வேண்டியிருக்கிறது. பேரங்காடிக்கு இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு: மூட்டையைப் பிரித்து, கேட்ட அளவை நிறுத்துக் கொடுக்கலாம்.

இந்தச் சில்லறை விற்பனைதான் சிறு கடையின் நிலைத்த வணிகத்துக்கு அடிப்படை. ஐம்பது கிலோ மூட்டையாக வரும் பருப்பு ஒரு சாக்கில் வருகிறது. அரைக் கிலோ பாக்கெட்டுகளாக வந்தால் நூறு பிளாஸ்டிக் உறைகளும் அவற்றைச் சுமக்கும் அட்டைப்பெட்டிகளும் கூட வரும். தேவைக்கு மட்டும் வாங்குவதால் வாங்குபவர் வீட்டிலும் பொருள் தேங்குவதில்லை. வரிச் சட்டமும் தற்செயலாக இதே பக்கம் சாய்ந்தது. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொதி செய்து விவரச்சீட்டு ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 25 கிலோ வரை 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது, மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பதற்கு வரி இல்லை. தமிழ்நாட்டு அரிசி ஆலைகள் இதற்குக் கண்ட பதில் 26 கிலோ சிப்பம். வரி விலக்குக்காக ஒரு கிலோ கூடிய அந்தச் சிப்பம் சூழலுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. கடையில் பிரித்து விற்கப்படும் பருப்புக்குக் கிடைத்த விலக்கு மட்டும், யாரும் அப்படித் திட்டமிடாமலேயே, உறையில்லாத விற்பனைக்குக் கிடைத்த ஊக்கத்தொகை ஆயிற்று.

பழைய கடை முழுவதையும் அப்படியே மீட்டுவிட முடியாது, மீட்கவும் கூடாது. செய்தித்தாளில் மடித்துச் சணல் நூல் கட்டிய பொட்டலம் பார்க்க அழகானது, பிளாஸ்டிக் இல்லாதது. ஆனால் அச்சு மையில் உள்ள வேதிப்பொருட்கள் உணவில் இறங்கும் என்பதால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இலேயே செய்தித்தாளுக்கு எதிராக எச்சரித்தது. 2018-இன் பொதி விதிமுறைகள் உணவை அதில் வைப்பதையும் சுற்றுவதையும் தடை செய்தன. 2023-இல் எச்சரிக்கை மறுபடியும் வந்தது. ஆகவே இன்றைய பொட்டலத்துக்கு அச்சிடாத பழுப்புத்தாள் வேண்டும். அதற்கு விலை உண்டு. பழைய பேப்பர் போல எடைக்கு வாங்கிவிட முடியாது.

எண்ணெய் இன்னும் சிக்கலானது. 1998-இல் டெல்லியில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் நீர்க்கோவை நோய் பரவி அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அந்த ஆண்டே சமையல் எண்ணெயைப் பொதி செய்தே விற்க வேண்டும் என்ற ஆணை பிறந்தது; 2011-இன் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளும் அதைத் தொடர்கின்றன, மாநில அரசு விலக்குத் தரலாம் என்ற இடத்தோடு. அரைத்த மசாலாத் தூள்களுக்கும் பொதிக் கட்டாயம் உண்டு. காங்கயம், வெள்ளகோவில் பக்கத்துத் தேங்காய் எண்ணெயையும் மரச்செக்குக் கடலை எண்ணெயையும் வாடிக்கையாளர் கொண்டுவரும் தூக்குப்போசியில் ஊற்றிக் கொடுப்பது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. சட்டத்தின் சொற்படி அது கலப்படத்துக்கு வாய்ப்புள்ள விற்பனை. குப்பையின் கணக்கில் அது சிறந்த விற்பனை. இரண்டு கணக்கும் சரியானவைதான். சட்டத்துக்கு உட்பட்டு நடக்க விரும்பும் கடைக்கு நடைமுறையில் இருக்கும் வழி, உற்பத்தியாளரே நிரப்பி முத்திரையிட்ட ஐந்து லிட்டர், பதினைந்து லிட்டர் கேன்களை முன்னிறுத்துவது, சிறு பாக்கெட்டுகளைக் குறைப்பது. மசாலாவுக்கோ முழு மிளகாயும் மல்லியும் சில்லறையாக விற்கலாம். வறுத்து அரைத்துக்கொள்ள மாவு மில் பக்கத்திலேயே இருக்கிறது.

இங்கே ஒரு முரணைச் சொல்லாமல் போக முடியாது. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் கோவை. அந்த ஊரின் மளிகைக் கடைகளில் இன்று விரைவாக விற்கும் பொருட்களுள் ஒன்று பிளாஸ்டிக் உறையில் வரும் இட்லி மாவு. பாத்திரம் கொண்டுவந்தால் மாவு ஊற்றித் தரும் கடையில் உறை மிச்சம். குளிர்பெட்டியும் அடுத்த நாளுக்குப் புளிக்காமல் காக்கும் கவலையும் மட்டும் அப்படியே இருக்கும்.

சில்லறையாக விற்பதானால் திறந்த மூட்டைகளைப் பாதுகாக்க வேண்டும். பருப்பில் வண்டும் அரிசியில் அந்தும் விழுவது கடைக்காரரின் நிரந்தரப் பகை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போட்டுப் புகையூட்டுவது உயிருக்கு ஆபத்து என்பதால் அரசு நிறுவனங்களும் உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களும் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். மளிகைக் கடைக்கு அது வழியல்ல. நல்ல மாற்று அதே ஊரில் உருவானது. கோவையில் 1906 முதல் இயங்கிவரும் வேளாண் கல்லூரியிலிருந்து 1971-இல் வளர்ந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், தானியத்துக்குள் செருகும் பூச்சிப் பொறி ஒன்றை வடிவமைத்திருக்கிறது. தானியப் பூச்சிகள் காற்றோட்டம் உள்ள இடத்தை நாடி நகரும் இயல்புடையவை. 2 மில்லிமீட்டர் துளைகள் இட்ட குழாயை மூட்டைக்குள் நிறுத்தினால் அவை துளை வழியே உள்ளே வந்து அடியிலுள்ள கூம்பில் விழுகின்றன. வழுவழுப்பான சுவரில் ஏறி வெளியேற முடிவதில்லை. மருந்து கிடையாது, மின்சாரம் கிடையாது. முட்டையிடும் முன்பே தாய்ப்பூச்சிகள் பிடிபடுவதால் பெருக்கம் குறைகிறது. கூம்பைத் திறந்து எண்ணினால் எந்த மூட்டையை முதலில் விற்றுத் தீர்க்க வேண்டும் என்பதும் தெரிகிறது. பொறியை விட எளிய காரியம் ஒன்றும் இருக்கிறது. புதுச் சரக்கைப் பழைய சரக்கின் மேல் கொட்டாமல், அடி மூட்டை காலியான பிறகே அடுத்ததைப் பிரிப்பது. நெருக்கடியான கடையில் இது சொல்வதைவிடச் செய்வது கடினம்.

பைக்கு வருவோம். 2018 ஜூன் 5-இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் தடை, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களை உள்ளடக்கியது. எந்தத் தடிமனாக இருந்தாலும் கைப்பை அதில் அடங்கும். துணிபோல் தோன்றும் நெய்யாத பைகளும் அதில் உண்டு. அவை பாலிபுரொப்பிலீன் என்பது பல கடைக்காரர்களுக்குத் தடை வந்த பிறகுதான் தெரியவந்தது. பாலுக்கும் ஆலையில் பொதி செய்யப்பட்டு வரும் பொருட்களுக்கும் தொடக்கத்தில் விலக்கு இருந்ததால், பிஸ்கட் உறை அப்படியே தொங்க, அதைப் போட்டுக் கொடுக்கும் பை மட்டும் குற்றமாயிற்று. சிறு வணிகர் சங்கங்கள் இதைக் குறையாகச் சொன்னதில் நியாயம் உண்டு. 2021 டிசம்பர் 23-இல் மாநில அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்களும் பின்னர் வந்தன.

பருத்திப் பையும் இலவசமாக வருவதில்லை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பமாதல் கணக்கில் மெல்லிய பிளாஸ்டிக் பையை ஈடுசெய்ய ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்றது. டென்மார்க்கின் 2018 ஆய்வு காலநிலைக்கு மட்டும் 52 முறை என்றும், எல்லாச் சூழல் அளவைகளையும் சேர்த்தால் சுமார் 7,100 முறை என்றும் கணித்தது. ஒப்பிட எடுத்த பிளாஸ்டிக் பையும் கணக்கிட்ட முறையும் வேறானதால் எண்கள் இப்படி விலகுகின்றன. வாரம் ஒருமுறை கடைக்கு வரும் வீட்டில் 131 தடவை என்பது இரண்டரை ஆண்டு. மாசச் சாமானுக்கு மட்டும் எடுக்கும் பை அதை எட்டப் பதினோரு ஆண்டாகும். ஆகவே ஒவ்வொரு முறையும் புது மஞ்சப்பை விற்கும் கடை நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு கெட்டதைப் பெருக்குகிறது. திருப்பூர் ஆடைத் தொழிலின் வெட்டுத் துணியில் தைத்த பைக்கு இந்தக் கணக்கு பெரிதும் இலகுவாகிறது, ஏனெனில் அதற்கென்று தனியாகப் பருத்தி விளைவிக்கப்படவில்லை. ஐம்பது கிலோமீட்டருக்குள் அப்படிப்பட்ட துணி மலையாகக் குவியும் வசதி உலகில் பல நகரங்களுக்கு வாய்க்காதது.

திரும்பி வரும் கலன்கள் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பால் டிரே, ரொட்டித் தட்டு, முட்டை அட்டை, சோடா பாட்டில் எல்லாம் நெடுங்காலமாகக் கடைக்கும் வண்டிக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கின்றன. வெறும் சாக்கு சாக்குக் கடைக்குப் போகிறது, எண்ணெய் டின்னுக்கும் விலை இருக்கிறது, அட்டைப்பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. கைவிட்டுப்போவது வாடிக்கையாளர் வீட்டுக்குச் செல்லும் கடைசி உறைதான். வைப்புத்தொகை வாங்கினால் அதுவும் திரும்பும் என்பதற்குப் பக்கத்து மலை மாவட்டத்திலேயே சான்று உண்டு. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவை அடுத்து 2022-இல் நீலகிரியின் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பித் தரும்போது கொடுக்கும் முறை வந்தது. பிறகு கோவை உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிந்தது. தேன், நெய், ஊறுகாய்க் கண்ணாடிக் குடுவைகளுக்கு அதே முறையைச் சிறு கடை பின்பற்றலாம். வாடிக்கையாளரின் முகமும் வீடும் தெரிந்த கடைக்கு அது எளிது.

கொள்முதலில் கடைக்காரருக்கு இருக்கும் சுதந்திரம் வெளியார் நினைப்பதைவிடக் குறைவு. கோவையின் மளிகை மொத்த வணிகம் ரங்கே கவுடர் வீதியைச் சுற்றி இருக்கிறது. பீளமேட்டுக் கடை அங்கிருந்தோ வண்டியில் வந்து ஆர்டர் எடுக்கும் முகவரிடமிருந்தோ வாங்குகிறது. சுற்றுவட்டாரம் தருவது ஏராளம்: பொள்ளாச்சித் தேங்காய், காங்கயத்து ஆலை அரிசி, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள், பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் போகும் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, ஊத்துக்குளி வெண்ணெய், பல்லடம் பக்கத்துச் சின்ன வெங்காயம், மேட்டுப்பாளையம் மண்டி வழியே இறங்கும் நீலகிரி உருளைக்கிழங்கு. துவரை மகாராஷ்டிரத்திலிருந்தும் கர்நாடகத்தின் கலபுரகியிலிருந்தும் வருகிறது; உளுந்து மியான்மரிலிருந்தும் வருகிறது; பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து கப்பலேறுகிறது. சாம்பாரும் இட்லியும் இருக்கும் வரை 'எல்லாம் உள்ளூர்ச் சரக்கு' என்ற பலகையை நேர்மையாக மாட்ட முடியாது. போக்குவரத்தின் பங்கு 6 விழுக்காட்டளவே என்பதால் மாட்டவேண்டிய கட்டாயமும் இல்லை. உள்ளூர்க் கொள்முதலின் பயன் வேறிடத்தில் இருக்கிறது: அருகில் வாங்கும் கடை குறைவாக, அடிக்கடி வாங்கலாம். இருபது தேங்காய் வாங்கி விற்று மறுநாள் இன்னும் இருபது வாங்கும் கடையில் அழுகல் இல்லை. காய்கறியில் இது இன்னும் உண்மை. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் கோவையில் சிங்காநல்லூரிலும் ஆர்.எஸ்.புரத்திலும் இயங்குகிறது. காலையில் அங்கே காய் வாங்கும் குடும்பம் மளிகைக் கடையில் வாங்கப்போவது கறிவேப்பிலையும் மறந்துபோன தக்காளியும்தான். அந்த அளவுக்கு மேல் காய்கறி அடுக்கும் கடை, மாலையில் வாடலைத்தான் எடைபோட வேண்டியிருக்கும்.

மின்சாரத்தில் முதல் மிச்சம் விளக்கு. சோக்குடன் சுமார் 50 வாட் இழுக்கும் பழைய குழல்விளக்கு பத்து, நாளுக்கு 12 மணி நேரம் எரிந்தால் 6 யூனிட். 20 வாட் எல்.இ.டி.க்கு மாற்றினால் 2.4 யூனிட். ஆண்டுக்கு மிஞ்சுவது 1,300 யூனிட்டுக்கு மேல். நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும் ஒரு கிலோவாட் சூரியத் தகடு ஆண்டில் தருவதும் ஏறக்குறைய அதே அளவு. வணிக இணைப்புக்கான கட்டணம் வீட்டு இணைப்பைவிட அதிகம் என்பதால் தகடு போட்ட காசு கடையில் விரைவாகத் திரும்பும். ஆனால் பல கடைகள் வாடகைக் கட்டிடத்தின் தரைத்தளத்தில் இருக்கின்றன. மொட்டைமாடி கட்டிட உரிமையாளருடையது. குழல்விளக்கை மாற்ற யார் அனுமதியும் தேவையில்லை.

குளிர்பெட்டியிலோ கடைக்காரர் தேர்வு செய்வதே அரிது. குளிர்பானம், ஐஸ்கிரீம் நிறுவனங்கள் தங்கள் பெயர் பொறித்த கண்ணாடிக் கதவுப் பெட்டியைக் கொடுக்கின்றன, மின்கட்டணம் கடைக்கு. பெட்டி வாங்கும் செலவு ஒருவருக்கு, ஓட்டும் செலவு இன்னொருவருக்கு என்று பிரிந்தால், மின்சாரம் குறைவாக இழுக்கும் பெட்டியைத் தர நிறுவனத்துக்கு அவசரம் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் குளிரூட்டு வாயுவும் கவனிக்க வேண்டியது. பழைய பெட்டிகளில் பரவலாக உள்ள ஆர்-134ஏ கசிந்தால் கரியமில வாயுவைப்போல் சுமார் 1,430 மடங்கு வெப்பமூட்டும். புரொப்பேன் எனப்படும் ஆர்-290-இன் அளவு ஒற்றை இலக்கம். ஆர்-134ஏ போன்ற வாயுக்களைக் குறைக்கும் கிகாலி உடன்படிக்கையை இந்தியா 2021-இல் ஏற்றது. அதன்படி இங்கே குறைப்பு தொடங்குவது 2032 முதல். அதுவரை கடை செய்யக்கூடியவை சாதாரணமானவை: பெட்டியை வெயில் விழும் வாசலிலிருந்து உள்ளே தள்ளுவது, பின்புறம் காற்றுக்கு ஒரு சாண் விடுவது, கதவு ரப்பரை மாற்றுவது, பாதி காலியாக ஓடும் இரண்டு பெட்டிகளை ஒன்றாக்குவது. கடைசிக் காரியத்தை நிறுவனத்தோடு செய்துகொண்ட ஏற்பாடு சில சமயம் தடுக்கும்.

விற்காத பொருள் எங்கே போகிறது என்ற கேள்விக்குக் கோவையில் பதில் வெள்ளலூர். சுமார் 650 ஏக்கரில் உள்ள அந்த மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு 2024 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட உணவு வீணாதல் குறியீட்டின்படி 2022-இல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் 60 விழுக்காடு வீடுகளிலும் 28 விழுக்காடு உணவகங்களிலும் 12 விழுக்காடு கடைகளிலும் வீணாயிற்று. கடையின் பங்கு சிறிதாகத் தோன்றினாலும் வீட்டில் வீணாவதில் ஒரு பகுதி, தேவைக்கு மேல் பெரிய பாக்கெட்டை விற்ற கடையிலிருந்தே தொடங்குகிறது. சிறு கடையில் கனிந்த தக்காளி மாலையில் குறைந்த விலைக்கு மெஸ்களுக்குப் போகும், வாடிய கீரை மாட்டுக்குப் போகும். தேதி முடிந்த பாக்கெட் பொருட்களுக்கு இப்படி வழியில்லை. பெரிய அங்காடிகள் அவற்றை நிறுவனத்திடம் திருப்பிக் கொடுக்கும் பலம் படைத்தவை. சிறு கடைக்கு முகவர் மனம் வைத்தால்தான் உண்டு. சில்லறைப் பருப்பில் கவனமாக இருக்கும் கடைக்காரர் நட்டப்படுவது பெரும்பாலும் இந்த வண்ண உறைகளில்தான்.

உள்ளூர்க்காரர் கடை என்பதற்குத் தனி மதிப்பு கொடுக்கும் வாதம் ஒன்றுண்டு. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 2002-இல் செய்த ஆய்வு, உள்ளூர்ப் புத்தகக் கடையில் செலவிடும் 100 டாலரில் 45 அந்த ஊரிலேயே சுழல்வதாகவும் சங்கிலிக் கடையில் 13 மட்டுமே தங்குவதாகவும் கணக்கிட்டது. மளிகைக்கு அதை அப்படியே பொருத்துவது மிகையாகும். லாபம் மெல்லியது, சரக்கின் விலை பெரும்பாலும் வெளியூர் போய்விடுகிறது. வாடகையும் சம்பளமும் லாபமும் மட்டுமே ஊரில் நிற்கும். சம்பளம் என்றதும், கடைச் சிப்பந்திகள் நாளெல்லாம் நிற்பதும் இந்தக் கணக்கில் வர வேண்டும். 1947-இன் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தம், பணியாளருக்கு உட்கார இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. நடைவழியில் மூட்டை அடுக்கிய கடைகளில் ஒரு முக்காலிக்கு இடம் பிடிப்பதும் சரக்கைக் குறைத்து வைப்பதும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

கடன் நோட்டைப் பழங்கால மிச்சமாகப் பார்ப்பவர்கள் அது செய்யும் இன்னொரு வேலையைக் கவனிப்பதில்லை. மாசக் கணக்கு வைத்த ஐம்பது குடும்பங்களின் மளிகைச் சீட்டு, அடுத்த மாதம் எந்தச் சரக்கு எவ்வளவு போகும் என்பதை ஏறக்குறையச் சொல்லிவிடும். கடைக்காரர் அதற்கேற்ப வாங்குவார், மிஞ்சுவது குறையும். பத்து நிமிடத்தில் பொருள் கொண்டுவரும் செயலிகள் பறிப்பது விற்பனையை மட்டும் அல்ல, இந்த முன்னறிவையும்தான். மெதுவாக விற்கும் பொருட்கள் மட்டும் கடைக்கு விடப்பட்டால் மூட்டை திறந்தே கிடக்கும் நாட்கள் கூடும், வண்டுக்கு வேலை கிடைக்கும். சில கடைகள் இப்போது மாத இறுதியிலேயே வாட்ஸ்அப்பில் சீட்டை வாங்கி, ரங்கே கவுடர் வீதிக்குப் போகும் முன் கூட்டிப் பார்த்துக்கொள்கின்றன.